மலையைப் படிக்க ஓர் அனுமதி

“படிக்கணும்னா ஏதாவது காலேஜ்ல சேருங்க சார். இங்க எதுக்கு வந்தீங்க?”

அரசு அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமான அக்கறையோடு சொன்னார். மனு கொடுக்க வந்த இன்ஜினியருக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மனுவில் இருந்தது ரொம்பச் சின்ன விஷயம். மலை உச்சியில் ஓர் ஏரி, அடிவாரத்தில் ஓர் ஏரி. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்வது, தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. அப்படி ஒரு திட்டம் அந்த மலைக்குச் சரிப்பட்டு வருமா என்று படித்துப் பார்க்க அனுமதி வேண்டும். கட்டுவதற்கு அல்ல. கட்டலாமா என்று பார்ப்பதற்கு மட்டும்.

“நான் படிச்சு முடிச்சவன் சார். இந்தத் திட்டத்தப் படிக்கணும்னு…”

“அதத்தான் நானும் சொல்றேன். படிக்கறவங்க எல்லாம் நாலாவது மாடி, பயிற்சிப் பிரிவு. காலேஜ்லேர்ந்து ஒரு சான்றிதழ், அப்பாகிட்ட ஒரு கையெழுத்து. ரெண்டையும் கொண்டு வாங்க.”

இன்ஜினியருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா வீட்டுச் சுவரில் படமாகித் தொங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் ‘படிக்க’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குமாஸ்தா சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து, மனுவைப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். எழுதியவன் கையில் இருக்கும் வரைதான் அது மனு. ஜன்னலைத் தாண்டிவிட்டால் அது வேறு ஜீவன்.

சாதாரணமாக இருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பார். இந்தத் தடவை விட முடியாது. காரணம், பாப்பா.

கடல் தாண்டிப் போய் வருடக்கணக்கில் யாரோ ஒருவருடைய பாலைவனத்தில் குழாய் பதித்துக்கொண்டிருந்தவர் அவர். பாப்பா பேசத் தொடங்கியபோது அவர் ஒரு செல்போனுக்குள் இருந்தார். அதனால் அவளுக்கு அவர் ‘போன் அப்பா’. வேலையை விட்டுவிட்டு நேரில் வந்து கூடத்தில் நின்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம், “இதுதான் எங்க போன் அப்பா. சார்ஜ் போடாமயே நடப்பாரு” என்று அறிமுகம் செய்துவைத்தாள்.

இங்கே கிடைத்த வேலை ஒரு சின்னக் கம்பெனியில். ஓர் அறை, முதலாளி, இவர், ஒரு பிரிண்டர். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: மழை தொடங்குவதற்குள் அனுமதி வந்தால் மலையில் துளை போட்டுப் பாறையைப் பார்க்கலாம். வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. பழைய பாலைவனக்காரர்கள் வேறு வாராவாரம் கூப்பிட்டு, எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே மலை கிடைத்தால் அப்பா. கிடைக்காவிட்டால் மறுபடியும் போன்.

மறுநாள் இன்ஜினியர் அதே ஜன்னலுக்குப் போய், மனுவில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்றார். குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். உள்ளே போனதை வெளியே எடுப்பது நடக்காத காரியமாம். புதிதாகத்தான் போட வேண்டுமாம்.

“ஆனா அதே பேர்ல போடாதீங்க சார். பழைய மனுவோட சேர்த்துக் கட்டிடுவாங்க. வேற பேர்ல போடுங்க.”

“பழசு என்ன ஆகும்?”

“தானா செத்துடும்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டாவது மனுவை முதலாளி பெயரில் எழுதினார். ‘படிக்க’ என்பதை அடித்துவிட்டு ‘ஆய்வு செய்ய’ என்று போட்டார். எழுதி முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். கம்பீரமாக இருந்தது.

அந்தக் கட்டடத்தில் மாடிகள் ஏழு, லிஃப்ட் ஒன்று. அதில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் லிஃப்ட்காரருக்கு, யார் எந்த மாடிக்கு எதற்காகப் போகிறார்கள் என்பது தெரியாவிட்டால் கை பொத்தானுக்குப் போகாது. இன்ஜினியர் வேறு வழியில்லாமல் தன் திட்டத்தை அவருக்கு மாடிக்கு மாடி தவணை முறையில் விளக்கினார். இரண்டாவது மாடியில் தண்ணீர் மேலே ஏறியது. ஐந்தாவது மாடியில் கீழே இறங்கியது.

“அப்போ தண்ணிக்கு லிஃப்ட்டுன்னு சொல்லுங்க.”

“கிட்டத்தட்ட.”

“ஏத்தறதுக்கு ஆகற கரண்ட், எறக்கும்போது முழுசாத் திரும்பக் கெடைக்குமா?”

“கொஞ்சம் கொறச்சலாத்தான் கெடைக்கும்.”

“அப்புறம் எதுக்கு சார் இந்தப் பாடு?”

“வேண்டாத நேரத்துல இருக்கறத சேத்து வெச்சு, வேணுங்கற நேரத்துல எடுக்கறோம்ல.”

லிஃப்ட்காரர் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தார். “எங்க வீட்டுக்காரி சண்டை அப்படித்தான் சார். காலைல ஒண்ணுமே பேச மாட்டா. எல்லாத்தையும் மேல ஏத்தி வெச்சுட்டு, நான் வீட்டுக்குப் போனதும் திறந்து விடுவா.”

பேச்சு வாக்கில் அவர்தான் ஏழாவது மாடிப் பெரியவரைப் பற்றியும் சொன்னார். கடைசிக் கையெழுத்து பெரியவருடையது. விசித்திரமான மனிதர். காலி லிஃப்ட் வந்து நின்றால் ஏறவே மாட்டாராம். யாருமே ஏறவில்லை என்றால் ஏதோ கோளாறு இருக்கும் என்று ஒதுங்கி நிற்பாராம். மூச்சு முட்ட ஆட்கள் நெருக்கிக்கொண்டு வருகிற லிஃப்ட்தான் அவருக்கு நம்பிக்கை. இன்ஜினியர் “ம்” கொட்டினார். அவருக்கு அப்போது காது மட்டும்தான் லிஃப்ட்டில் இருந்தது.

இரண்டாவது மனு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன அன்று, ஐந்தாவது மாடியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. தரை ஈரமாகத் துடைக்கப்பட்டிருந்தது. மேசைகளில் காகிதங்கள் அளவெடுத்த மாதிரி அடுக்கியிருந்தன. பிரிவுத் தலைவர் சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டே ஓடி வந்து, நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் போட்டார். அங்கே ‘ஆய்வு’ என்றால் மேலிடத்திலிருந்து அதிகாரி வந்து தப்பு கண்டுபிடிப்பது. அந்தச் சொல்லுக்கு அந்த மாடியில் வேறு அர்த்தம் கிடையாது.

அவர் வாயைத் திறப்பதற்குள் டீ வந்தது. கூடவே பிஸ்கட்டும். மின்விசிறி ஓடாதது எங்கள் தப்பு இல்லை, போன வருடமே எழுதிப் போட்டோம் என்றார் பிரிவுத் தலைவர். இல்லாத நாற்காலிகள் ரிப்பேருக்குப் போயிருக்கின்றனவாம். வராத ஆட்கள் களப்பணிக்குப் போயிருக்கிறார்களாம்.

“சார், நான் அதிகாரி இல்ல. ஒரு மலைக்கு மனு குடுத்தவன். கம்பெனி ஆள்.”

பிரிவுத் தலைவர் மெதுவாகச் சிரித்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புரியுது சார். நீங்க வந்ததா நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்.”

எவ்வளவு மறுத்தாரோ அவ்வளவு பெரிய அதிகாரி ஆனார். கடைசியில் அந்த மனு ‘மிக ரகசியம்’ என்று இரும்பு பீரோவுக்குள் போனது. பிரிவுத் தலைவர் லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். இத்தனை வருட உத்தியோகத்தில் இன்ஜினியருக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். மனைவி கேட்டதற்கெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பாத்துட்டு வரணும், அவ்ளோதானே? பாக்கணும்னு எழுதுங்களேன்” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “நம்ம ஊர்ல சும்மா இருக்கற சொல்ல எல்லாம் விட்டுட்டுப் பெரிய பெரிய சொல்லாத் தூக்கினா இப்படித்தான்.”

களைத்த மனிதனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். மூன்றாவது மனு மனைவி பெயரில் போனது. ‘மேற்படி மலையையும் ஏரிகளையும் பார்வையிட அனுமதி வேண்டுகிறேன்.’ இதற்கு மட்டும் மின்னல் வேகத்தில் பதில் வந்தது, வண்ணப்படம் போட்ட ஒரு மடிப்புத்தாளோடு. மலைமேல் உள்ள விருந்தினர் விடுதியில் தம்பதிக்கு ஓர் அறை ஒதுக்குவது பரிசீலனையில் இருக்கிறது. போர்வை சொந்தமாகக் கொண்டு வர வேண்டும். குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது.

மனைவி அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். “எப்போங்க போறோம்?”

“நான் துளை போட அனுமதி கேட்டா, அவங்க போர்வை கொண்டு வாங்கறாங்க.”

“போர்வை இருக்குங்க. கல்யாணத்துக்கு வந்தது. பிரிக்கவே இல்ல.”

அந்தப் போர்வையைப் பிரிக்கும் முன்பே அவர் விமானம் ஏறியிருந்தார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சரியான சொல் கடைசியில் ஆறாவது மாடியில் கிடைத்தது. அனுமதிப் பிரிவில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் இருந்தார். ஏசி அவர் தலைக்கு நேராக வீசியது. அதை நிறுத்துவதற்கு அவர் கொடுத்த மனு எந்த மாடியில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதனாலோ என்னவோ, இன்ஜினியர் சொன்னதைப் பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

“இதுக்குப் பேரு சாத்தியக்கூறு ஆய்வு. ‘சாத்தியக்கூறு’ன்னு முன்னாடி போட்டாத்தான் எங்க டேபிளுக்கு வரும். இத்தன நாள் வேற எதுவும் போடலியே?”

இன்ஜினியர் ஏசியைப் பார்த்தார். “இல்ல மேடம்.”

“நல்லது. ஒரே ஆள் ரெண்டு மனு போட்டிருந்தா ரெண்டையும் தள்ளிடுவாங்க. வேற ஆள வெச்சு வேற பேர்ல போட்டாலும் அப்படித்தான். அப்புறம் அந்த மலைப் பக்கமே தலை வெச்சுப் படுக்க முடியாது.”

பழசெல்லாம்தான் செத்துவிட்டதே என்று இன்ஜினியர் மனதைத் தேற்றிக்கொண்டார். நான்காவது மனுவைத் தன் பெயரிலேயே எழுதினார். முதல் மனுவில் வெறும் இனிஷியல் போட்டிருந்தார். இதில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாக முன்னால் போட்டார். பார்ப்பதற்கு வேறு ஆள் மாதிரியே இருந்தது. சுவரில் இருந்தபடியே அப்பா ஒரு கை கொடுத்தார்.

ஒரு வாரம் போல நிம்மதி. அப்புறம் ஸ்வெட்டர் அம்மாளிடமிருந்து தகவல் வந்தது. அந்த மலைக்கு இவருக்கு முன்னாலேயே மூன்று பேர் கேட்டிருக்கிறார்களாம். முந்தி வந்தவருக்குத்தான் முதல் உரிமை. அவர்கள் விலகினால்தான் இவர்.

முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. இத்தனை வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத மலைக்கு மூன்று பேரா, விஷயம் நம் அறையிலிருந்துதான் கசிந்திருக்கிறது என்றார். அறையில் இருந்தது அவர், இவர், பிரிண்டர். இவரையும் பிரிண்டரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

லிஃப்ட்காரருக்கும் செய்தி எட்டியிருந்தது. “நாலு பேரு முட்டி மோதறாங்களாமே சார் உங்க மலைக்கு? நேத்து பெரியவரே கேட்டாரு, அப்படி என்னய்யா இருக்கு அந்த மலைலன்னு. ஃபைல மேல கொண்டு வரச் சொல்லியிருக்காராம்.”

பெரியவர் வரைக்கும் போய்விட்டதென்றால் போட்டியாளர்கள் பெரிய கைகள். இன்ஜினியர் நேராக ஆறாவது மாடிக்குப் போய் ஸ்வெட்டர் அம்மாளிடம் கெஞ்சினார்.

“பேரெல்லாம் சொல்லக்கூடாது சார், ரகசியம். ஆள் எப்படின்னு வேணா சொல்றேன்.” அம்மாள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “ஒருத்தன் காலேஜ் பையன். சான்றிதழ் இன்னும் வரல, ஆனா ஃபைல் உசுரோட இருக்கு.”

“சரி.”

“இன்னொருத்தர் பெரிய அதிகாரி. அஞ்சாவது மாடிக்கு மாறுவேஷத்துல வந்தாராம். யாருன்னு கேட்டதுக்குக் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லியாம். பிஸ்கட்டெல்லாம் சாப்ட்டுட்டுப் போயிருக்காரு.”

இன்ஜினியருக்குக் காதுக்குள் ‘கொய்ங்’ என்றது.

“மூணாவது ஒரு லேடி. இயற்கைன்னா உசுராம். ரூம் எப்போ கெடைக்கும்னு போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்.”

அவர் அந்த மூன்று போட்டியாளர்களில் ஒருவருடைய கையால்தான் அன்று காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

“மேடம், பழைய மனுவெல்லாம் தானா செத்துடும்னு கீழ சொன்னாங்களே?”

“இங்க ஃபைல் எங்க சார் சாகுது? தூங்கும். யாராவது தட்டினா எழுந்துக்கும்.”

உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் நான்கும் தள்ளுபடி. விழுங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று பேரையும் விலக வைக்க வேண்டும், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மாதிரி. மூன்று பேனா, மூன்று கையெழுத்து. முதலாளி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார், இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்ற செய்தியோடு. மனைவிக்குக் கையெழுத்தை மாற்றி மாற்றி எழுத வந்தது. பள்ளியில் எத்தனையோ பேருக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தவள்.

காலேஜ் பையன், தனக்குப் படிப்பு ஏறவில்லை, மலை வேண்டாம் என்று விலகினான். பெரிய அதிகாரி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், இந்த மலையில் எனக்கு அக்கறையில்லை என்று விலகினார். மூன்றாவதில் மனைவி பேனாவை மூடி வைத்தாள்.

“என்னோடது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே.”

“எதுக்கு?”

“ஒரு ரூமுதானே கேட்டிருக்கேன். ஒரு நாள் தங்கிட்டு வந்துடுவேன். நான் என்ன உங்க மலையத் தூக்கிக்கிட்டா போயிடப் போறேன்?”

“ஒரு போட்டி கூட இருக்கக் கூடாதும்மா. வழி சுத்தமா இருக்கணும். அனுமதி வந்துட்டா அந்த மலைலயேதான் நமக்கு வீடு. தெனம் பாத்துக்கலாம்.”

“தெனம் பாத்தா அது மலையா இருக்காது, வீடாயிடும்” என்றாள் அவள். ஆனாலும் எழுதினாள். குரங்குத் தொல்லை காரணமாக விலகிக்கொள்வதாக. எழுந்து போய்ப் பிரிட்ஜ் கதவிலிருந்த மடிப்புத்தாளை எடுத்து இழுப்பறையில் போட்டாள். காந்தம் மட்டும் அங்கேயே இருந்தது.

மூன்று கடிதங்களும் மூன்று வெவ்வேறு தபால் பெட்டிகளில் விழுந்தன.

முடிவு தெரியும் நாளன்று பாப்பா பள்ளிக்கூடம் கிளம்பும்போது, “அப்பா, ஷூ லேஸ்” என்று காலை நீட்டினாள். ‘போன்’ வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. லேஸைத் தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டார். அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

ஆறாவது மாடிக்கு அவர் படியேறிப் போனார். அன்றைக்கு லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஸ்வெட்டர் அம்மாள் அவரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நல்ல செய்தி சொல்லப் போகிறவர்கள் கண்ணாடியைத் துடைப்பதில்லை.

“அனுமதி இல்லன்னு போட்டுட்டாரு சார்.”

“யாருக்குக் குடுத்தாரு?”

“யாருக்கும் இல்ல. அந்த மூணு பேரும்தான் வெலகிட்டாங்களே. உங்களுது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“போட்டிக்கே ஆள் இல்லியே மேடம். அப்புறம் ஏன்?”

“அதான் எனக்கும் புரியல. காரணம் எழுதல. மூணு நாலு தடவ ஃபைலத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம்.” அம்மாள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். “மேல்முறையீடு பண்ணலாம். ஆனா மழை வந்துடும்.”

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாலைவனத்திலிருந்து. அவர் எடுக்கவில்லை. அது அடங்கும் வரை சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

லிஃப்ட் வந்தது. உள்ளே லிஃப்ட்காரரைத் தவிர யாரும் இல்லை. மேலயா கீழயா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழேதான் அழுத்தினார். மூன்றாவது மாடி வரும்போது லிஃப்ட்காரர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“நாலு பேரு அடிச்சுக்கறாங்கன்னதும் பெரியவர், முறையா இருக்கறது இது ஒண்ணுதான்னு உங்க பேருக்குத்தான் கையெழுத்துப் போட பேனாவத் திறந்தாராம் சார், அதுக்குள்ள மத்த மூணு பேரும் எறங்கிட்டாங்களா, காலி லிஃப்ட்டுன்னு நெனச்சு மூடிட்டாரு.”